எழுநூறு கட்டும் ஒரு கள்ளச்சாவியும்

திண்டுக்கல்லின் ரத்த சரித்திரத்தை எழுத உட்கார்ந்தால் முதல் அத்தியாயத்தில் ரத்தத்தையே காணோம், மஞ்சள்தான் இருக்கிறது.

1755இல் மைசூர்க்காரர்கள் ஹைதர் அலியைத் திண்டுக்கல்லுக்கு பௌஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக, அனுப்பிவைத்தார்கள். கோட்டையைப் பலப்படுத்தினார், பிரெஞ்சுக்காரர்களை வைத்துப் பீரங்கிப் பட்டறை போட்டார், பாளையக்காரர்களை அடக்கினார் என்று பாடப்புத்தகம் சொல்லும். அது சொல்லாமல் விட்டதைக் கர்னல் மார்க் வில்க்ஸ் எழுதிவைத்திருக்கிறார். இந்த வில்க்ஸ்தான் பிற்பாடு செயின்ட் ஹெலினாத் தீவுக்கு கவர்னராகப் போய், 1815இல் நெப்போலியன் கப்பலில் வந்து இறங்கியபோது அங்கே பதவியில் இருந்தவர். பெரிய மனிதர்களைக் கண்டு அசருகிற பேர்வழி இல்லை.

விஷயம் இதுதான். ஒரு சண்டையில் ஹைதரின் ஆட்கள் 67 பேருக்குக் காயம். காயம் ஆறும்வரை தலைக்கு மாதம் 14 ரூபாய் படி கொடுப்பது அரசாங்க வழக்கம். எண்ணிப் பார்த்துப் பணம் பட்டுவாடா செய்யச் சீரங்கப்பட்டணத்திலிருந்து அதிகாரி வந்தார். ஹைதர் 700 பேரைக் காட்டினார். கையில் கட்டு, காலில் கட்டு, கட்டின் மேல் பளிச்சென்று மஞ்சள். முனகச் சொல்லியும் பயிற்சி கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். அவிழ்த்துப் பார்க்க அதிகாரிக்கு மனம் வரவில்லை. 633 பேருடைய ரத்தக்குழாய்களில் ஒரு கீறல்கூட இல்லை. சம்பளம் மட்டும் கசிந்தது.

அதோடு விட்டாரா? படையைக் கணக்கெடுக்கும்போது, எண்ணி முடித்த ஆட்களே பின்பக்கமாகச் சுற்றிவந்து மறுபடி வரிசையில் நின்றுகொள்ள ஏற்பாடு. ஹைதரின் கணக்கர் கண்டே ராவ் வகுத்த வித்தை இது. இந்த வட்டத்தில் 10,000 பேர் 18,000 ஆனார்கள் என்கிறார் வில்க்ஸ்.

அந்த அதிகாரியைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. அவரைவிடப் பெரிய படிப்பாளி ஒருவர் இதே வித்தையில் ஏமாந்து, சுமார் 1,400 வருஷம் உலகத்தையும் ஏமாற்றியிருக்கிறார். கேலன் என்று பெயர். ரோமாபுரிச் சக்கரவர்த்திகளுக்கு வைத்தியர். அதற்குமுன் பெர்கமம் நகரில் கிளாடியேட்டர்களின் கிழிசல்களைத் தைத்துத் தொழில் பழகியவர். ரத்தம் பார்த்ததில் குறையில்லை. ஆனால் அவர் போட்ட கணக்கு: கல்லீரல் சாப்பாட்டிலிருந்து புதுசு புதுசாக ரத்தம் காய்ச்சுகிறது, உடம்பு அதைக் குடித்துத் தீர்க்கிறது. தன் முன்னால் போகும் ஒவ்வொரு சொட்டையும் புது ஆள் என்றே வருகைப்பதிவில் எழுதிக்கொண்டார். இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு ரத்தம் போவது எப்படி? நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் உண்டு என்று சொல்லிவிட்டார். கண்ணுக்குத் தெரியாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் யார் போய்த் தேடுவது?

13ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-நஃபீஸ் என்ற அரபு வைத்தியர் தேடினார். சுவர் கெட்டிச் சுவர், ஓட்டையும் கிடையாது ஒன்றும் கிடையாது, ரத்தம் நுரையீரலைச் சுற்றிக்கொண்டுதான் இடப்பக்கம் வருகிறது என்று எழுதினார். எழுதியது அலமாரியில் இருந்தது. ஐரோப்பா அந்த ஓட்டைகளை இன்னும் சில நூற்றாண்டுகள் பூஜித்தது.

பிறகு வந்தார் வில்லியம் ஹார்வி. குள்ளம், முன்கோபம், இடுப்பில் ஒரு சின்னக் கத்தி. இங்கிலாந்து ராஜாவின் வைத்தியர். 1642இல் எட்ஜ்ஹில் போரின்போது இரண்டு இளவரசர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையை இவரிடம் கொடுத்தார்கள். ஐயா வேலியோரம் உட்கார்ந்து சட்டைப்பையிலிருந்த புத்தகத்தை எடுத்துப் படித்தாராம். பீரங்கிக் குண்டு பக்கத்தில் விழுந்த பிறகுதான் இடம் மாறி உட்கார்ந்தாராம். இப்படிப்பட்டவர்தான் கணக்குக் கேட்பார். இதயம் ஒரு துடிப்புக்கு இவ்வளவு தள்ளுகிறது, அரை மணியில் இத்தனை துடிப்பு. பெருக்கிப் பார்த்தால் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தத்தையும் தாண்டுகிறதே, அவ்வளவையும் காய்ச்சக் கல்லீரலுக்கு எத்தனை வண்டி அரிசி வேண்டும்? இன்றைய அளவில் சொன்னால் உடம்பில் இருப்பது சுமார் 5 லிட்டர். இதயம் ஒரு நிமிஷத்தில் தள்ளுவதும் சுமார் 5 லிட்டர். ஆக, அதே ஆட்கள்தான் பின்பக்கமாகச் சுற்றிவந்து நிற்கிறார்கள்! சீரங்கப்பட்டண அதிகாரிக்குப் பிடிபடாத சூட்சுமத்தை 1628இலேயே ஒருவர் புத்தகமாகப் போட்டுவிட்டார்.

நிரூபணமும் எளிது. மேல்கையில் ஒரு துணியைக் கட்டினார். சிரைகள் புடைத்தன, அங்கங்கே முடிச்சு தெரிந்தது. முடிச்சுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தார், மேலே அழுத்திப் பார்த்தார். முடிச்சுகள் வால்வுகள், ரத்தத்தை இதயப் பக்கம் மட்டுமே விடுகிற வால்வுகள் என்று தெரிந்துபோயிற்று. ஹைதர் துணி கட்டியது பொய் சொல்வதற்கு. ஹார்வி துணி கட்டியது உண்மையைக் கறப்பதற்கு. பலன் என்னமோ தலைகீழ். ஹைதர் நவாபானார். புத்தகம் வந்த பிறகு ஹார்வியின் வைத்தியத் தொழில் படுத்துவிட்டது. ஆளுக்குப் பித்தம் தலைக்கேறிவிட்டதென்று ஊர் பேசியது.

அவரிடமும் ஒரு பொத்தல் இருந்தது. தமனி கொண்டுபோய் விடுகிறது, சிரை கொண்டுவருகிறது, நடுவில்? தெரியாது. கேலனைப் போல இவரும் கண்ணுக்குத் தெரியாத வழி ஒன்றை நம்பவேண்டியிருந்தது. அவர் செத்து நாலு வருஷம் கழித்து, 1661இல், பொலோனியாவின் மார்செல்லோ மல்பீகி தவளை நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது வழி தெரிந்தது. தந்துகிகள். இந்த முறை ‘கண்ணுக்குத் தெரியாதது’ நிஜமாகவே இருந்தது. விஞ்ஞானத்தில் அப்படியும் அதிர்ஷ்டம் அடிக்கும்.

ரத்தக்குழாயின் கட்டுமானத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை போகிற போக்கில் விட்டுப்போகும். தமனிக்கு மூன்று அடுக்கு. வெளியே கொலாஜன் உறை. நடுவே தசையும் இழுபடும் நார்களும். உள்ளே வழவழப்பாக ஒற்றை வரிசைச் செல்கள். இதயத்தின் உதை முழுவதையும் வாங்குவதால் நடு அடுக்கு கனம். சிரைக்கும் மூன்று அடுக்குதான், ஆனால் மெலிசு. அழுத்தம் குறைவு, வால்வுதான் துணை. தந்துகிக்கோ மேல் இரண்டு அடுக்கும் கிடையாது, உள்வரிசைச் செல்கள் மட்டும். குறுக்களவு 5 முதல் 10 மைக்ரான். 7 மைக்ரானுக்கு மேல் அகலமுள்ள சிவப்பணு அதில் உடம்பை வளைத்துக்கொண்டுதான் நுழைகிறது. உடம்பின் கொடுக்கல் வாங்கல் எல்லாம் இந்த மெலிந்த இடத்தில்தான். ஆக்சிஜன் வெளியே போவதும் கரியமிலவாயு உள்ளே வருவதும் இங்கே. பாக்கிக் குழாயெல்லாம் வெறும் போக்குவரத்து.

அந்த உள்வரிசைச் செல்களை வைத்தியர்கள் ரொம்ப நாள் சும்மா பூசிய பூச்சு என்றே நினைத்திருந்தார்கள். அமெரிக்காவில் ராபர்ட் ஃபர்ச்காட் ரத்தக்குழாய்த் துண்டுகளில் மருந்தைப் போட்டால் அது சுருங்கிக்கொண்டே இருந்தது. ஒருநாள் அவருடைய உதவியாளர் செய்முறையை மாற்றிச் செய்துவிட, அதே மருந்துக்கு அதே துண்டு தளர்ந்தது. நோண்டிப் பார்த்தால், இத்தனை நாள் துண்டைத் தயார்செய்யும்போது உள்வரிசையைத் தேய்த்து எடுத்துவிட்டிருக்கிறார்கள்! தளரச்சொல்லி உத்தரவு போடுவதே அந்த வரிசைதான். 1980இல் கட்டுரை, 1998இல் நோபல். உத்தரவைக் கொண்டுபோவது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு. நைட்ரோகிளிசரின் நெஞ்சுவலியைக் குறைப்பதும் இந்த வாயுவால்தான். டைனமைட்டாக அதை விற்றுப் பணக்காரரான ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் வைத்தியர்கள் அதைத்தான் மருந்தாக எழுதிக்கொடுத்தார்கள்.

சரி, குழாய் முடிந்தது. இனி சுவர் தாண்டும் கதை. அதற்கு ஒரு பாதிரியார் வேண்டும். ழான் அந்துவான் நொல்லே, பிரெஞ்சு ராஜா முன்னால் 180 காவலர்களைக் கைகோர்த்து நிற்கவைத்து மின்சாரம் பாய்ச்சி, எல்லோரும் ஒரே நேரத்தில் துள்ளுவதைக் காட்டிய மகான். 1748இல் அவர் ஒரு பாத்திரத்தில் சாராயத்தை நிரப்பி, வாயைப் பன்றியின் மூத்திரப்பையால் இறுக்கிக் கட்டி, தண்ணீருக்குள் முக்கிவைத்தார். சில மணி நேரத்தில் அந்தத் தோல் பலூனாக உப்பிவிட்டது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, சாராயம் அவ்வளவாக வெளியே வரவில்லை. சவ்வூடுபரவல் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வது இந்தச் சாராயப் பானையைத்தான். ஆசிரியர்கள் அதைச் சொல்வதில்லை.

திண்டுக்கல்லுக்கு இதைச் சொல்லித்தரப் பாதிரியார் தேவைப்படவில்லை. பேகம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்புகளில் நடந்ததே அதுதான். ஆட்டுத்தோல் வந்திறங்கும்போது கெடாமல் இருக்க உப்பை அள்ளி அப்பியிருப்பார்கள். வெளியே உப்பு அதிகம் என்பதால் தோலின் செல்லிலிருந்தும் அதைத் தின்ன வந்த பாக்டீரியாவிலிருந்தும் தண்ணீர் வெளியேறிவிடும். கிருமி காய்ந்து சாகும். பிறகு நல்ல தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டால் போன தண்ணீர் திரும்ப வரும். அப்புறம் சுண்ணாம்புக் குழி, முடி கழிப்பு, சதை சீவுதல், ஆவாரம்பட்டைத் தண்ணீர். இந்தப் பட்டைத் தண்ணீரில்தான் கைத்திறன். எடுத்த எடுப்பில் கெட்டியான சாயத்தில் போட்டால் மேல்தோல் மட்டும் பதமாகி அடைத்துக்கொள்ளும், நடுப்பகுதி பச்சையாகவே நிற்கும். அதனால் நீர்த்த தொட்டியில் தொடங்கி, நாளாக நாளாகக் கெட்டித் தொட்டிக்கு மாற்றுவார்கள். பொருள் எவ்வளவு வேகமாக, எவ்வளவு ஆழம் பரவும் என்பதைப் பல்கலைக்கழகத்தில் சமன்பாடு போட்டுப் படிப்பவர்கள் உண்டு. தோல் ஷாப்பில் வெட்டிய ஓரத்தின் நிறத்தைப் பார்த்தே சொல்வார்கள்.

ரத்தக்குழாய் சமாசாரமும் அங்கே உண்டு. அறுத்த ஆட்டிலிருந்து ரத்தம் சரியாக வடியாவிட்டால், பதப்படுத்திய தோலில் குழாய்கள் கிளைகிளையாக வரி போட்டுவிடும். மல்பீகியின் நுண்ணோக்கி இங்கே தேவையில்லை, வெறுங்கண்ணுக்கே தெரியும். பார்த்தவர்கள் பரவசப்படவில்லை, விலையைக் குறைத்தார்கள்.

வேடிக்கை இதோடு நிற்கிறது. குழியில் ஆட்டுத்தோல் மட்டும் ஊறவில்லை, அதை மிதித்த மனிதர்களின் காலும் ஊறியது. சுண்ணாம்பு ஆட்டுத்தோல் எது ஆள்தோல் எது என்று பார்த்து அரிக்காது. அந்தத் தொழிலாளர்கள் சங்கம் கட்டியதையும் அடி வாங்கியதையும், திண்டுக்கல்லில் வக்கீலாக இருந்த டி. செல்வராஜ் ‘தோல்’ என்ற நாவலாக எழுதினார். 2012இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது.

உப்பு எங்கே போயிற்று? தோலை விட்டுப் போன உப்பு ஊரை விட்டுப் போகவில்லை. கழுவிய தண்ணீரோடு ஓடை, ஓடையிலிருந்து மண், மண்ணிலிருந்து கிணறு. சுற்றுவட்டாரத்தில் குடிக்க முடியாத கிணறுகள் பெருகின. வேருக்கு வெளியே உப்பு ஏறிவிட்டால், தண்ணீரில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும். நொல்லேயின் பானை அப்படியே தலைகீழாக நடக்கும். தோல் ஆலைக் கழிவை எதிர்த்து வேலூர்க்காரர்கள் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்று இந்தியச் சட்டத்துக்கே பாடம் எடுத்த தீர்ப்பு. அதில் நம் மாவட்டத் தோல் ஆலைகளையும் சேர்த்து ஆலைக்கு 10,000 ரூபாய் அபராதம். ஹைதரின் ஆள் ஒருவன் மஞ்சள் கட்டோடு அறுபது வருஷம் படுத்திருந்தால் கிட்டத்தட்ட அந்தத் தொகை தேறியிருக்கும்.

அடுத்து பூட்டு. பூட்டில்லாமல் திண்டுக்கல் கதை முடியுமா? உடம்பின் செல்லுக்கும் கதவும் பூட்டும் உண்டு. செல்லின் சவ்வுச் சுவர் கொழுப்பால் ஆனது. தண்ணீர் அதில் தானாகக் கசியும் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 1990 வாக்கில் பீட்டர் ஏக்ரே சிவப்பணுவில் வேறு ஏதோ புரதத்தைத் தேடும்போது வேண்டாத ஒன்று கூடவே வந்து தொல்லை கொடுத்தது. அதைத் தவளை முட்டைக்குள் உண்டாகச் செய்து முட்டையை நீர்த்த கரைசலில் போட்டார். முட்டை ஊதி வெடித்தது. தண்ணீருக்கென்றே தனிக் கதவு இருக்கிறது! 2003இல் நோபல். சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் கதவு மட்டுமல்ல, பிடித்துத் தள்ளும் ஆளே உண்டு. ஜென்ஸ் ஸ்கோவ் 1957இல் நண்டின் நரம்பில் பிடித்தார். மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். ஒவ்வொரு தள்ளலுக்கும் கூலி கேட்கும். அது நின்றால் செல் உப்பிச் சாகும்.

திண்டுக்கல் நாகல்நகரின் பூட்டு ஆசாரிகள் இதையெல்லாம் கேட்டுக் கொட்டாவி விடுவார்கள். இரண்டு சாவி போட்டால் மட்டும் திறக்கும் பூட்டு, சாவியைத் திருப்பினால் மணியடிக்கும் பூட்டு, கள்ளச்சாவி நுழைந்தால் கவ்விக்கொள்ளும் பூட்டு என்று லீவரும் அரமுமாக உட்கார்ந்து செய்தவர்கள். 2019இல் புவிசார் குறியீடு வந்தது; அலிகார் மலிவுப் பூட்டு அதற்கு வெகுநாள் முன்னாலேயே கடைக்குள் வந்துவிட்டது.

இரட்டைச் சாவிப் பூட்டு குடலிலும் இருக்கிறது. 1960இல் பிராகில் ராபர்ட் கிரேன் விளக்கினார்: குளுக்கோஸ் குடல் செல்லுக்குள் நுழைய சோடியமும் கூட வரவேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும், பின்னாலேயே தண்ணீரும் போகும். இதில் என்ன பெரிய விஷயம் என்றால், வாந்திபேதி. காலரா நஞ்சு குடலிலிருந்து உப்பையும் தண்ணீரையும் வெளியே கொட்டவைக்கிறது. நஞ்சு இருப்பதை 1959இல் கல்கத்தாவின் எஸ்.என். டே காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில், நீர் வற்றிச் சாகிற இந்த நோயாளியின் கையைக் கீறி, இருக்கிற ரத்தத்தையும் வடித்துக் கௌரவமாக ஃபீஸ் வாங்கிக்கொண்டு போனார்கள் வைத்தியர்கள். 1832இல் ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா உப்புத் தண்ணீரைச் சிரையில் ஏற்றிச் சிலரைப் பிழைக்கவைத்தார். அடுத்த வருஷம் அவர் செத்துப்போக, வைத்திய உலகம் நிம்மதியாகக் கத்தியை எடுத்துக்கொண்டது.

காலரா நஞ்சு வேறு கதவுகளைக் கெடுத்தாலும் அந்த இரட்டைச் சாவிப் பூட்டைத் தொடுவதில்லை. 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் பொங்காவ் முகாமில் கொத்துக்கொத்தாகப் பேதியாகிக் கிடந்தபோது, ஏற்றுவதற்கு சலைன் புட்டிகள் தீர்ந்துபோய், திலீப் மகலனோபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கரைத்து டிரம்மில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. நம் ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் எழுதிப்போட்ட உப்புச் சர்க்கரைக் கரைசல் அதுதான். 1978இல் லான்செட் பத்திரிகை இதை நூற்றாண்டின் மிகப்பெரிய மருத்துவ முன்னேற்றமாகவே இருக்கக்கூடும் என்றது. நோபல் மட்டும் வரவில்லை. சர்க்கரை டப்பாவுக்குப் பரிசு கொடுக்கக் கூச்சமாக இருந்திருக்கும்.

கடைசியாகக் கள்ளச்சாவி. திண்டுக்கல் புகையிலைக்குப் பேர்போன சீமை. ஸ்பென்சர் கம்பெனி இங்கே சுருட்டுத் தொழிற்சாலை வைத்து வெள்ளைக்கார வாய்களுக்கு அனுப்பியது. புகையிலையிலுள்ள நிக்கோட்டினை வைத்துத்தான் கேம்பிரிட்ஜில் ஜான் லாங்லி விளையாடினார். கோழிக்குச் செலுத்தினால் தசை விறைத்தது. தசைக்குப் போகும் நரம்பை வெட்டி அது செத்த பிறகும் விறைத்தது. அப்படியானால் தசைச் செல்லின் மேலேயே நிக்கோட்டின் போய்ப் பொருந்துகிற ஏதோ இருக்கிறது என்று 1905இல் எழுதினார். அந்தப் பூட்டு உண்மையில் அசிட்டைல்கோலின் என்ற சொந்தச் சரக்குக்காக உடம்பு செய்தது. நிக்கோட்டின் அதில் சரியாக உட்கார்ந்துகொள்ளும். கதவு திறந்து சோடியம் உள்ளே பாயும், ரத்தக்குழாய்களை ஆளும் நரம்புகள் முடுக்கப்பட்டு, அட்ரினலின் கசிந்து, தமனியின் அந்த நடு அடுக்குத் தசை இறுகும், அழுத்தம் ஏறும்.

இதிலும் நம் கிழவிகள் லாங்லிக்கு மூத்தவர்கள். புகையிலையைச் சும்மா மெல்லாமல் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி அதோடு அதக்குவார்கள். காரம் ஏறினால் நிக்கோட்டின் மின்சுமையை இழந்து, கன்னத்துச் செல்களின் கொழுப்புச் சுவரைக் கதவே கேட்காமல் தாண்டி ரத்தத்துக்குள் போய்விடும். ‘சுண்ணாம்பு பத்தல, ஏறமாட்டேங்குது’ என்று பேத்தியை விரட்டியது சரியான வேதியியல்.

கள்ளச்சாவி புழங்குகிறது என்று தெரிந்தால் நாகல்நகர் ஆசாரி லீவரை மாற்றிவிடுவார். மூளை அப்படிச் செய்யவில்லை. நிக்கோட்டின் தினம் வர வர, அதே பூட்டை இன்னும் நிறையச் செய்து மாட்டிக்கொண்டது. புகைப்பவர்களின் மூளையில் இந்த ஏற்பிகள் மற்றவர்களைவிட அதிகம். ராத்திரி முழுக்கச் சாவி வராமல் அத்தனையும் காலியாகக் கிடந்து, விடிந்ததும் ஒன்றாகக் கூப்பாடு போடுகின்றன. பல் துலக்குவதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் முதல் பீடியைப் பற்றவைக்கிறவர் இந்த அவசரத்தில்தான் வந்திருக்கிறார். தீப்பெட்டி கேட்டால் கொடுத்துவிடுங்கள், விஞ்ஞானம் பேசாதீர்கள்.